ஹகோனேயில் சொல்லிக்கொள்ளலாம்

கழுத்து வரை வெந்நீரில் உட்கார்ந்திருக்கிற மனுஷன் கோபித்துக்கொண்டு எழுந்து போக முடியாது. இது சென்னியப்பன் தானாகவே கண்டுபிடித்தது, யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. மற்ற இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாக யோசித்துத் தள்ளியாகிவிட்டது. வீட்டில் வைத்துச் சொன்னால் சம்பந்தி உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். தோட்டத்தில் சொன்னால் மோட்டார் ரூம் பக்கம் நடையைக் கட்டிவிடுவார். காரில் சொன்னால் வண்டியை நிறுத்து என்பார். விமானத்தில் சொல்லலாம்தான், ஆனால் பக்கத்திலேயே சம்பந்தியம்மாள் பூவாத்தாள் இருப்பாள், அவள் ஒரு மூச்சு அழுதால் முன் வரிசை பின் வரிசையெல்லாம் திரும்பிப் பார்க்கும். பிள்ளைகளைப் பார்க்க நாலு பேருமாக ஜப்பானுக்குப் போகிறார்களே, அங்கே ஹகோனேயில் அப்படியில்லை. மலைமேல், கந்தக வாசம் அடிக்கிற வெந்நீர்த் தொட்டியில், உடம்பில் ஒரு இழை துணி இல்லாமல் இறங்கிவிட்ட பிறகு நாச்சிமுத்து எங்கே எழுந்து போவார்? எழுந்தால் மானம் போகும். கோபம் வந்தாலும் தண்ணீருக்குள் உட்கார்ந்தபடியேதான் வர வேண்டும், வந்து அங்கேயே ஆற வேண்டும். சனிக்கிழமை காலையில் உடுமலைப்பேட்டையில் சம்பந்தி வீட்டுக் கூடத்தில், பெண்ணைக் கொடுத்தவன் எப்படி உட்கார வேண்டுமோ அப்படி சோபாவின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, சென்னியப்பன் இந்தத் திட்டத்தை இன்னொரு தடவை சரிபார்த்தார். எங்கும் ஓட்டை இல்லை. மின்வாரியத்தில் காலமெல்லாம் வேலை பார்த்தவர், ஒரு லைனில் கை வைப்பதற்கு முன்னால் எந்தெந்தப் பக்கமிருந்து கரண்ட் வரக்கூடும் என்று யோசித்து யோசித்துப் பழகிய மூளை. சொல்ல வேண்டிய சேதியோ சின்னது. நாச்சிமுத்துவின் ஒரே மகன் கோகுல், அதாவது சென்னியப்பனின் மாப்பிள்ளை, இனி ஊருக்குத் திரும்பப் போவதில்லை, ஜப்பானிலேயே தங்கிவிடப் போகிறார். சொல்ல வேண்டியவர் அவர்தான். அவருக்கு வாய் வரவில்லை, மாமனாரைப் பிடித்துக்கொண்டார். பின்கட்டில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"அவரு இப்பத்தானுங்ணா எண்ணெய் தேச்சு ஊறி எந்திரிச்சிருக்காரு, சனிக்கெழமை இல்லீங்களா, தண்ணி வாத்துட்டு வந்துருவாரு, காப்பி எடுத்துக்குங்க" என்று பூவாத்தாள் டம்ளரை வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். எடுத்துக் குடித்தார். பாயசத்துக்குத் தம்பி. சர்க்கரை வியாதி இருக்கிறது என்று இந்த வீட்டில் இதுவரை அவர் மூச்சு விட்டதில்லை. பெண் பார்க்க வந்தபோது, பரம்பரையில் சர்க்கரை உண்டுங்களா என்று இவர்கள் கேட்டார்கள், இல்லீங்க என்று சொன்னார், அன்றைக்கு அது சத்தியம். பிறகு வந்ததற்கு யார் என்ன செய்வது, வரும்போதெல்லாம் இந்தக் காப்பியைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய் இரண்டு நாள் கேழ்வரகுக் களி தின்றால் சரியாகிறது. "ஏனுங்ணா, அங்க பாய்லதான் படுக்கோணும்னு தாரணி பாப்பா சொல்லுச்சு, நெசமுங்களா?" ஆமாங்க, பாய் விரித்த அறை, மேலே மெத்தை போடுவார்கள். "கம்பளி எடுத்து வெச்சிருக்கறனுங்க. கோகுலுக்குப் பொரிவிளங்கா உருண்டையும் புடிச்சு வெக்கோணும்." ஆகட்டுமுங்க. அவள் உள்ளே போனாள். பொரிவிளங்கா உருண்டை. அவள் மகனுக்கு. அவளிடம் இப்போதே சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது, தோன்றியதைச் சென்னியப்பன் அந்த இடத்திலேயே தலையில் தட்டி உட்கார வைத்தார். திட்டம் என்றால் திட்டம். அவசரப்பட்டு நடுவில் கை வைத்தவன் எவனும் உருப்பட்டதில்லை, கம்பத்தின் மேல் கருகித் தொங்கியவர்களை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

அப்படி என்ன லேசுப்பட்ட திட்டமா? புறப்படுவதைச் சனிக்கிழமையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றியதே அவர்தான். சனியும் திங்களும் கிழக்கே சூலம், ஜப்பான் இருப்பது கிழக்கே, நாச்சிமுத்து கண்டிப்பாகக் கேட்பார் என்று முன்கூட்டியே தெரிந்து மகள் தாரணியிடம் சொல்லி டிக்கெட்டை மாற்றச் செய்தார். அந்தப் பிள்ளை அங்கிருந்து சிரித்தாள், "ஏரோப்பிளேனுக்கு ஏதுங்கப்பா சூலம்" என்றாள், ஆனாலும் மாற்றிவிட்டாள். நாச்சிமுத்து கேட்டார், மாற்றியாச்சுங்க என்று சொன்னபோது அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது. மாப்பிள்ளை வீட்டாரின் முகத்தில் மலர்ச்சியைக் காண்பது அத்தனை சுலபமா? அடுத்தது ஹகோனே. இன்னும் அந்த ஊர் மண்ணை மிதிக்கவில்லை, ஆனால் இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வழி சொல்வார். அடிவாரத்திலிருந்து மலை ஏறுகிற குட்டி ரயில், ஊட்டி ரயில் மாதிரியே, ஆனால் இது நடுவில் நின்று பின்பக்கமாகத் திரும்பி ஏறும், டிரைவர் இந்த முனையிலிருந்து இறங்கி அந்த முனைக்கு நடந்து போவார். அதை வீடியோவில் எத்தனை தடவை பார்த்தாரோ. அப்புறம் கம்பிவடத்தில் தொங்குகிற பெட்டி, அதற்குக் கீழே மலை பிளந்து புகை கக்குகிற பள்ளத்தாக்கு, அங்கே கந்தகத் தண்ணீரில் முட்டையை வேக வைக்கிறார்கள், ஓடு கரிக்கட்டையாகிவிடுகிறது, தின்றால் ஆயுசு கூடுமாம். நாச்சிமுத்துவுக்கு அந்த முட்டையை முதலில் வாங்கிக் கொடுக்க வேண்டும். ஆயுசு கூடும் என்று சொல்லிக் கொடுத்தால் மனுஷன் குளிர்ந்து போவார். அப்புறம் ஏரி, ஏரியில் கப்பல், மேகம் விலகினால் ஃபுஜி மலை. அதன் பிறகு தங்குகிற இடம். அறை இரண்டு வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் நாலு பேருக்கும் ஒரே பெரிய அறையாகப் போட்டிருந்தார்கள், மதி கெட்டதுகள். சம்பந்தியும் சம்பந்தியும் ஒரே கூரைக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் பாய் விரித்துப் படுப்பதா, மனைவி சரசாள் குறட்டை விடுவாள், அவள் விடவில்லையென்றால் இவர் விடுவார், மானம் மரியாதை எல்லாம் ஒரே ராத்திரியில் போய்விடும். தனித்தனி அறை. ஆனால் குளிக்கிற தொட்டி பொது. ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். அதுதான் விஷயமே.

குளியல் விஷயத்தில் மட்டும் அவருக்கு ஒரு சின்ன உறுத்தல் உண்டு, அதையும் தைரியமாகத்தான் எடுத்துப் பார்த்தார். முதலில் முக்காலியில் உட்கார்ந்து உடம்பை நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொள்ள வேண்டும். பிறகு அப்படியே, ஆமாம் அப்படியே, நடந்து போய் இறங்க வேண்டும். துண்டு என்று ஒன்று தருகிறார்கள், கர்ச்சீப்பைவிடக் கொஞ்சம் பெரியது, அதையும் தண்ணீரில் நனைக்கக் கூடாது, மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்ள வேண்டுமாம். தாரணி வீடியோவை அனுப்பிவிட்டு, "உங்களுக்குக் கூச்சமா இருந்தா வேண்டாமுங்கப்பா" என்று ஒரு வரி போட்டிருந்தாள். கூச்சமென்ன கூச்சம். கீழ்பவானி வாய்க்காலில் மதகு மேலிருந்து அம்மணமாகக் குதித்தவர்தானே. ஆனால் அன்றைக்குத் தொப்பை இல்லை. தொடையில் இந்தத் தழும்பும் இல்லை, டிரான்ஸ்பார்மர் எண்ணெய் தெறித்துச் சுட்ட தழும்பு, உள்ளங்கை அகலத்துக்கு, சரசாளைத் தவிர ஒருவரும் பார்த்ததில்லை. இனிமேல் சம்பந்தி பார்ப்பார். பார்க்கட்டுமே. அவருக்கும் ஏதாவது இருக்கும், குடலிறக்க ஆபரேஷன் பண்ணினாரே, அந்தத் தையல் இருக்கும். அவருடைய மைனர் செயின் இருக்காது, சலவை வேட்டி இருக்காது, தேங்காய்த் தோப்பு இருக்காது, மாப்பிள்ளையைப் பெற்றவன் என்கிற அந்த நிமிர்ந்த கழுத்தும் தண்ணீருக்கு மேலே கொஞ்சம்தான் தெரியும். இரண்டு கிழவர்கள், இரண்டு மண்டைகள், அவ்வளவுதான். இதை நினைத்ததும் சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது, சம்பந்தி வீட்டில் தனியாக உட்கார்ந்து சிரித்தால் என்ன நினைப்பார்கள் என்று காப்பி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார். தண்ணீர்ச் சத்தம் நின்று, மறுபடியும் கேட்டது. முதுகுக்கு ஊற்றிக்கொள்கிறார் போல.

எழுந்து போகிறவர் அவர், அதில் சந்தேகமே இல்லை. கல்யாணத்தன்று பார்த்ததுதானே. முகூர்த்தத்துக்கு முந்தின காலைப் பந்தியில் அவருடைய மச்சினர் ஒருவருக்கு இலை விழவில்லை, பரிமாறுகிறவன் கவனிக்காமல் அடுத்த வரிசைக்குப் போய்விட்டான், அந்த மச்சினர்கூட ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த பந்தியில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றுதான் சொன்னார். நாச்சிமுத்து பாதிச் சாப்பாட்டில் இலையை மூடினார். கை கழுவினார். துண்டை ஓங்கி உதறித் தோளில் போட்டார். நடந்துவிட்டார். மண்டபமே பார்த்தது. சென்னியப்பன் புதுப் பட்டு வேட்டி தடுக்கத் தடுக்கப் பின்னாலேயே ஓடி, வாழைமரத்துக்கும் வாசலில் நின்ற காருக்கும் நடுவில் மறித்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். என்ன சொன்னார் என்பது இப்போது நினைவில்லை. அந்தக் கை எச்சில் கழுவிய ஈரத்தோடு இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. பிறகு அவர் திரும்பி வந்தார், சாப்பிட்டார், தாலி கட்டும்போது கண் கலங்கக்கூடச் செய்தார், நல்ல மனுஷன்தான், மூக்குக்கு மேல் கோபம், அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு மணவறையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த தாரணி ஒரு நொடி நிமிர்ந்து, அப்பன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் தோளில் துண்டு இல்லாத இடமாகத் தேடினார். உதறுவதற்கு ஒன்றும் இல்லாத இடம்.

இடம் கிடைத்துவிட்டது, வார்த்தை மட்டும்தான் இன்னும் முழுசாக அமையவில்லை. அதையும் இப்போது அமைத்துவிடலாம், அவர் துவட்டிக்கொண்டு வருவதற்குள். "சம்மந்தி, ஒரு விசியமுங்க." நல்ல தொடக்கம். "காலம் மாறிப்போச்சுங்க, பசங்களுக்குப் பொழப்பு எங்க நல்லா இருக்குதோ அங்கதானுங்க இருப்பாங்க." பொதுவாக ஆரம்பித்தால் யாருக்கும் உறைக்காது. "மாப்பிள்ளைய அங்க நல்ல மரியாதையா வெச்சிருக்கறாங்க, அதனால அவரு இனி," என்று வரும்போது நாக்கு நின்றுவிடுகிறது. வீட்டில் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தபோதும் அங்கேயேதான் நின்றது. காலையில் பஸ்ஸிலும் அங்கேயேதான். அதனால அவரு இனி. என்ன பெரிய வார்த்தை, வரமாட்டார், அவ்வளவுதானே, கொழுக்கட்டையா வாயில் இருக்கிறது? சம்பந்தியிடம் உள்ள பயம்தான், வேறென்ன. வார்த்தையை மாற்றிப் பார்த்தார். அங்கயே தங்கிக்கறாருங்களாம். அங்க ஊடு வாங்கறாங்களாம். வாங்கறாங்களாம் என்றால் யார் யார்? அங்கே மறுபடியும் ஒரு முடிச்சு. பஸ் நினைவு வந்தது. பெருந்துறையில் ஏறித் திருப்பூரில் மாறி, அடுத்த பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது, பரவாயில்லை, மத்தியானச் சோத்துக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட முடிகிறது, பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடலாம், மாதம் ஒரு தடவை வந்தால்கூட அலுப்பு தெரியாது என்று அந்த ஜன்னலோரத்தில் அவர் தன்பாட்டுக்கு நினைத்துக்கொண்டு வந்தார். யாரைப் பார்த்துவிட்டு? அந்த இடத்தில் மனசு சட்டென்று ஹகோனேக்குப் போய்விட்டது, குட்டி ரயில், புகை, கறுப்பு முட்டை. மாப்பிள்ளை போனில் பேசியபோது எவ்வளவு பெருமையாக இருந்தது. "மாமா, நீங்க பக்குவமாச் சொன்னாத்தான் அப்பா கேப்பாருங்க." அந்த வீட்டுக்கு இவரிடமிருந்து ஒன்று வேண்டியிருந்தது அதுதான் முதல் தடவை. "நீங்க கவலையே படாதீங்க மாப்பிள்ளை, நான் பாத்துக்கறேன்" என்றார், குரல்கூடக் கொஞ்சம் கம்பீரமாக வந்தது. பிறகு போன் தாரணி கைக்கு வந்தது. "அப்பா, நீங்க ஒண்ணும் சொல்லலையே" என்றாள். "என்ன சொல்றது அம்மிணி, அதான் மாப்பிள்ளைகிட்டச் சொல்லீட்டனே, சம்மந்தியை அப்பா பாத்துக்கறேன்." "அதில்லீங்கப்பா, நீங்க" என்று ஆரம்பித்தாள். பால்காரன் மணி அடித்தான். வைத்துவிட்டார். அன்றைக்குப் பால்காரன் நல்ல சமயத்தில் வந்தான் என்று தோன்றியது, ஏன் அப்படித் தோன்றியது என்று யோசிக்கவில்லை. சரசாள்தான் அன்று சாயங்காலம் சமையல்கட்டில் நின்று, "அப்ப அவ வரவே மாட்டாளாமா" என்றாள். "கட்டிக் குடுத்தாச்சு, புள்ள உடுமலைல இருந்தா என்ன, ஜப்பான்ல இருந்தா என்ன, நம்ம ஊட்லயா இருக்கப்போறா? அழுவறதுன்னா பையனைப் பெத்தவங்க அழுவோணும், நமக்கென்ன?" என்று இவர் கேட்டார். சரியான கேள்வி, அவளோ கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள். பெண்களுக்கு நியாயம் பேசினால் பிடிக்காது. சரி, வார்த்தை. அதனால அவரு இனி.

தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. மாடியில் யாரோ டைல்ஸ் கல்லைத் தட்டித் தட்டிப் பொருத்துகிற சத்தம் இப்போதுதான் காதில் விழுந்தது. நாச்சிமுத்து வந்தார், மேலுக்குச் சட்டை இல்லாமல், மார்பு முடியெல்லாம் ஈரமாகப் படிந்து, சீயக்காய் வாசத்தோடு, தலையைத் துவட்டிக்கொண்டே. சென்னியப்பன் எழுந்து நின்றார். "ஒக்காருங்க ஒக்காருங்க சம்மந்தி, எதுக்கு எந்திரிக்கறீங்க? ஏனுங்க, அங்க கொண்டுட்டுப் போறதுக்குச் செக்கெண்ணெய் காச்சச் சொல்லியிருக்கறனுங்க. அத்தனை சுடுதண்ணி இருக்குது, எண்ணெய் தேய்க்காம எப்படிங்க குளிக்கறது?" எண்ணெய் உடம்போடு அந்தத் தொட்டிப் பக்கம் போனால் ஊரே திரண்டு வெளியே அனுப்பிவிடும் என்று சென்னியப்பனுக்குத் தெரியும். "கொண்டுட்டுப் போலாமுங்க" என்றார். அதையெல்லாம் அங்கே போய்ச் சமாளித்துக்கொள்ளலாம், எல்லாமே அங்கே போய்த்தானே. நாச்சிமுத்து தலையைத் துவட்டியபடி மேலே கையைக் காட்டினார். "சத்தம் கேக்குதுங்களா? மாடி எடுத்துட்டேன். தெக்கால இருக்கறது பசங்களுக்குங்க, வந்தா தங்கறதுக்கு. வடக்கால ஒரு சின்ன ரூம்பு, அது உங்களுக்கும் சம்மந்தியம்மாளுக்கும்." சென்னியப்பனுக்குப் புரியவில்லை. "எங்களுக்குங்களா?" "ஆமாங்க. பொண்ணக் குடுத்த ஊட்டுக்கு வந்தா, காப்பியைக் குடிச்சிட்டு அன்னிக்கே பஸ் ஏறோணும்னு யாருங்க எழுதி வெச்சது? நாலு நாள் புள்ளைகூட இருந்துட்டுப் போங்க. அது ஒத்தப் புள்ள உங்களுக்கு. உங்களையும் பாத்துக்கறதுக்கு அதுக்குந்தான் ஆசை இருக்குமுங்கல்ல? வெஸ்டர்ன் டாய்லெட்டே வெச்சிருக்கறனுங்க, முழங்கால் வலின்னு சம்மந்தியம்மா சொல்லுச்சு."

ஒரு விசியமுங்க என்று ஆரம்பித்திருக்க வேண்டும். காலம் மாறிப்போச்சுங்க என்று வந்திருக்க வேண்டும். எதுவும் வரவில்லை. வடக்குப் பக்கத்துச் சின்ன அறை ஒன்று, அதில் சரசாள் காலை நீட்டிக்கொண்டு, கட்டிலோரம் தாரணி உட்கார்ந்து அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, இவர் ஜன்னல் பக்கம் பேப்பர் படித்துக்கொண்டு, கேட்டால் கேட்கிற தூரத்தில், அப்பா என்று கூப்பிட்டால் என்ன அம்மிணி என்று கேட்கிற தூரத்தில். "வரமாட்டாளுங்க" என்றார் சென்னியப்பன். "ஆருங்க?" "தாரணி. எம் புள்ள இனி வரமாட்டாளுங்க சம்மந்தி. அங்கயே இருந்துக்கறாங்களாம்."

நாச்சிமுத்துவின் துவட்டிய கை நின்றது. சென்னியப்பனுக்குப் பகீர் என்றது, இத்தனை பக்குவமாகக் கட்டியதைப் போட்டு உடைத்தாயிற்று, அதுவும் தலைகீழாக. "இல்லீங்க, மாப்பிள்ளைன்னு சொல்ல வந்தனுங்க. மாப்பிள்ளைக்குத்தானுங்க அங்க வேலை, அவருதானுங்க, நாந்தான் ஏதோ மாத்திச் சொல்லீட்டேன், புள்ளைக்கு என்னங்க, அவ கட்டிக் குடுத்தவ" என்று அவசர அவசரமாகத் திருத்தப் பார்த்தார். திருத்தத் திருத்தக் குரல் உடைந்தது. கண்ணாடியைக் கழற்றினார், சட்டைப் பையில் போடப் பார்த்தார், பை கிடைக்கவில்லை. சம்பந்தி வீட்டில், மாப்பிள்ளையைப் பெற்றவர் முன்னால், நியாயமாக அழ வேண்டியவர் முன்னால், தான் அழுகிறோம் என்பது அவருக்கே நம்ப முடியவில்லை, வெட்கமாக இருந்தது, எனக்கு என் புள்ள வேண்டும் என்று நெஞ்சு முழுக்க ஒரே ஒரு எண்ணம்தான் இருந்தது.

நாச்சிமுத்து எங்கும் போகவில்லை. ஈரத்தோடு அப்படியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பூவாத்தாள் உள்ளேயிருந்து, "என்னாச்சுங்க?" என்று கேட்டாள். அவர் மேலே பார்த்தார், கல் தட்டுகிற இடத்தை. பிறகு சென்னியப்பனின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க ஒண்ணும் மாத்திச் சொல்லலீங்க" என்றார். "மொதல்ல நீங்க அழுதுக்குங்க சம்மந்தி. நான் அப்பறம் அழுதுக்கறேன்."